செம்பனை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டிலாவது முறுக்கு சுட ஆரம்பித்தால் போதும், எண்ணெய்ப் பேச்சு வந்துவிடும். உடனே என்னைக் கூப்பிடுவார்கள். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். அப்பா செம்பனைப் பழம் வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். 1982இல் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் காட்டிவிட்டு முறுக்கைச் சாப்பிடலாம்.

செம்பனை, பனைமரம், பாமாயில் மரம் எல்லாம் ஒன்றா?

செம்பனையும் பாமாயில் மரமும் ஒன்றுதான். நுங்கும் பதநீரும் தருகிற பனை வேறு.

மதுரையிலிருந்து வந்த அத்தை மகன் விமான நிலையச் சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இவ்வளவு தென்னையை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். ஓடுகிற காரிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கிட்டப் போனால் மட்டை இடுக்கில் நடுத்தரப் பலாப்பழம் அளவுக்கு ஒரு குலை முள்ளும் தானுமாக உட்கார்ந்திருக்கும். அதில் ஆயிரத்துக்கு மேல் பழங்கள், ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. மலாய்க்காரர்கள் இதைக் கெலாப்பா சாவிட் என்பார்கள். கெலாப்பா என்றால் தென்னை. ஆக, அத்தை மகனை மட்டும் குறை சொல்ல முடியாது.

இது இந்த நாட்டு மரமா?

இல்லை. மேற்கு ஆப்பிரிக்கா இதன் தாயகம். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகளை நட்டார்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்த நான்கின் வம்சத்தை வைத்தே எழுந்தவை. மலாயாவுக்கு 1870களில் அழகுக்கு வைக்கிற மரமாக வந்தது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக வணிகத்துக்காக நட்டார். இடம், இன்றைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று சொல்லும் பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ள தென்னமரம் தோட்டம். ஆமாம், அதுதான் பெயர். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்.

அதற்கப்புறமும் ரொம்ப காலம் ரப்பர்தான் ராஜா. செயற்கை ரப்பர் வந்து விலை சரிந்ததும், 1960களிலிருந்து பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத் திட்டங்களும் இந்தப் பயிரைப் பிடித்துக்கொண்டன. இன்றைக்கு மலேசியாவில் ஐம்பத்தைந்து லட்சம் ஹெக்டருக்கு மேல் செம்பனைதான். உற்பத்தியில் நம்மை முந்தி நிற்பது இந்தோனேசியா மட்டும்.

ஒரே பழத்தில் இரண்டு எண்ணெய் என்கிறார்களே?

ஒரு பழத்தைக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள். வெளியே செம்மஞ்சள் சதை, உள்ளே கறுப்பு ஓடு, ஓட்டுக்குள் வெள்ளைப் பருப்பு. சதையைப் பிழிந்தால் வருவது பாமாயில். பருப்பை ஆட்டினால் வருவது பருப்பெண்ணெய். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத குணம். பருப்பெண்ணெய் தேங்காயெண்ணெய்க்குத் தங்கை மாதிரி: பாதிக்குப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், நன்றாக நுரைக்கும், சோப்புக்குப் போகும். சதை எண்ணெய் அடுப்புக்கு வரும். "பாமாயில் நல்லதா கெட்டதா" என்று சண்டை போடுகிறவர்களில் பலர் எந்த எண்ணெயைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமலேயே சண்டை போடுகிறார்கள்.

ஓட்டின் பருமனிலும் ஒரு கதை இருக்கிறது. தடித்த ஓட்டு மரம் டூரா, ஓடே இல்லாதது பிசிபெரா. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறையச் சதையுமாக டெனெரா கிடைக்கும் என்பதை 1941இல் காங்கோவில் கண்டுபிடித்தார்கள். இன்று தோட்டங்களில் நிற்பது டெனெராதான். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை 2013இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பங்கியில் இருக்கிறதே, எம்.பி.ஓ.பி., அதுதான் அந்த வாரியம்.

குலை பழுத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நிறத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தரையைப் பார்க்க வேண்டும். மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் மேலே குலை தயார். ஒரு குலையில் குறைந்தது பத்துப் பழமாவது கழன்றிருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதற்கு முன்னால் வெட்டினால் எண்ணெய் இன்னும் ஊறியிருக்காது. ரொம்ப நாள் விட்டாலோ முக்கால்வாசிப் பழம் தரையில் சிதறிவிடும். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிரையையும் சுற்றி வருவார்கள்.

இளமரமாக இருந்தால் உளி மாதிரி ஒரு பாஹாட்டால் குத்தி எடுக்கலாம். மரம் வளர வளர, நீளக் கம்பத்தின் நுனியில் சபிட் என்கிற வளைந்த அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து வெட்ட வேண்டும். முதலில் குலையைத் தாங்குகிற மட்டை விழும், அப்புறம் குலை. இருபது கிலோ, சில சமயம் அதற்கு மேல், முப்பதடி உயரத்திலிருந்து. எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டு நகரத் தெரிந்தவர்தான் வெட்டுக்காரர். 2007க்குப் பிறகு எம்.பி.ஓ.பி.யின் சந்தாஸ் என்ற மோட்டார் அரிவாள் வந்தது. ரொம்ப உயரமான மரங்களுக்கு அது எட்டாது, இன்னமும் கழுத்துதான் வலிக்கிறது.

வெட்டிய குலையின் காம்பைக் குட்டையாக நறுக்கி, அந்த வெட்டுமுகத்தில் வெட்டுக்காரர் தன் எண்ணை எழுதி வைப்பார். எங்கள் அப்பாவின் எண் 17. மேடையில் அடுக்கிய குலைகளைக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒவ்வொன்றாகப் புரட்டி, பழுக்காத கறுப்புக் குலை எதுவென்று தேடுவார். இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு தீபாவளி மாதத்தில் அப்பாவுக்கு ஒன்பது குலைக்குப் பிடித்தார்கள். மூன்றுதான் தன்னுடையது, மற்றதில் 11ஐ 17 என்று படித்துவிட்டார்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட ஆரம்பித்தார். இன்றைக்கும் நான் ஏழை அப்படித்தான் எழுதுகிறேன்.

உதிரிப் பழத்தை ஏன் அவ்வளவு கவனமாகப் பொறுக்குகிறார்கள்?

தானாகக் கழன்ற பழத்தில்தான் எண்ணெய் அதிகம். மலாயில் பிஜி ரெலாய் என்பார்கள். அதை விட்டுவிட்டுக் குலையை மட்டும் தூக்கிக்கொண்டு போவது, பாலை எடுத்துக்கொண்டு ஆடையைக் கீழே விடுகிற மாதிரி. ஆனால் புல்லிலும் முள்ளிலும் குனிந்து பொறுக்குவது குலை வெட்டுவதைவிட அலுப்பான வேலை. கூலியும் கம்மி. எங்கள் காலத்தில் பெண்களும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் செய்தது அது. அம்மாவின் நகக்கண்ணில் ஆரஞ்சுக் கறை ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது.

மகரந்தச் சேர்க்கை செய்கிற வண்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்களாமே?

உண்மை. இந்த மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் கொத்து, ஒரே மரத்தில் மாறி மாறி வரும். ஆப்பிரிக்காவில் அதற்கென்றே வண்டுகள் இருந்தன. மரம் மட்டும் கப்பலேறி வந்தது, வண்டு வரவில்லை. அதனால் இங்கே மனுசர் செய்ய வேண்டியதாயிற்று. மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, ரப்பர் பந்து வைத்த குப்பியில் அடைத்து, பெண் பூவாகத் தேடித் தேடி 'புஸ்' என்று அடிப்பார்கள். அது பெண்களின் வேலை. என் அம்மாவும் கொஞ்ச நாள் செய்தார்.

ஸ்காட்லாந்துக்காரர் லெஸ்லி டேவிட்சன், இங்கேயும் கேமரூனிலும் தோட்ட வேலை பார்த்தவர். கேமரூனில் யாரும் பவுடர் அடிக்காமலே குலை நிறையப் பழம் பிடிக்கிறதே என்று யோசித்தார். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையதுவை வைத்து ஆராய்ந்தபோது, அது ஒரு கூன்வண்டின் வேலை என்று தெரிந்தது. வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்துவிட்டு, 1981இல் ஜொகூர் குளுவாங் பக்கம் பறக்கவிட்டார்கள். அரிசியில் வரும் வண்டு அளவுதான் இருக்கும். கொஞ்ச மாதத்திலேயே நாடு முழுக்கப் பரவி, பழப் பிடிப்பும் கூடியது. குப்பி வேலையும் அதோடு போயிற்று. தோட்டக் கணக்கில் அது லாபம். எங்கள் லயத்தில் அம்மாவோடு சேர்த்து அந்த வேலை பார்த்தவர்கள் உதிரி பொறுக்கத் திரும்பினார்கள்.

மலர்ந்த ஆண் பூவை மோந்து பார்த்தால் சோம்பு வாசனை அடிக்கும். வண்டு அந்த வாசனைக்குத்தான் வருகிறது.

வெட்டிய பழத்தை ஏன் அவசர அவசரமாக ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள்?

என் வாழ்க்கையே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பழத்துக்குள் லிபேஸ் என்ற நொதி இருக்கிறது. தோல் நசுங்கியதும் அது எண்ணெயைப் பிரிக்க ஆரம்பிக்கும், கொழுப்பு அமிலம் தனியாகக் கழலும். இதை எஃப்.எஃப்.ஏ. என்போம். 5 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். ஆகவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் பழம் ஆலையில் நீராவியில் வெந்துவிட வேண்டும். சூடு பட்டால் நொதி செத்துவிடும். இதை ஸ்டெரிலைசர் என்ற பெரிய உருளைக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைத்துச் செய்வார்கள். வெந்த குலையைச் சுழலும் கூண்டில் போட்டு உதிர்த்து, பழத்தை மசித்து, திருகு அச்சில் பிழிந்தால் சாறு வரும். அதைத் தெளியவிட்டு எண்ணெயை மேலே எடுப்பார்கள். நூறு கிலோ குலைக்குச் சுமார் இருபது கிலோ எண்ணெய். மிஞ்சிய நாரும் ஓடும் கொதிகலனுக்கு விறகு, வெறுங்குலை தோட்டத்துக்கே உரம். கழிவுநீர்க் குட்டை மட்டும் தீராத தலைவலி. நாற்றம் ஒரு பக்கம், மீத்தேன் ஒரு பக்கம். இப்போது சில ஆலைகள் அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன.

என் வேலை அமிலம் பார்ப்பது. குடுவையில் எண்ணெயை நிறுத்து, சுடவைத்த ஆல்கஹாலில் கரைத்து, நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு விட்டு, மேலேயுள்ள பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு வந்து அப்படியே நின்றால் கணக்கு முடிந்தது. நல்ல நாளில் மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு நவம்பர் மழையில் செம்மண் பாதையில் லாரிகள் மாட்டி, பழம் இரண்டு நாள் நனைந்தபடியே கிடந்தது. அன்றைக்குக் காரம் இறங்கிக்கொண்டே இருந்தது, சிவப்பு வரவே இல்லை. ஆறரை. மேலே இருந்தவர் வெட்டுக்காரர்களைத்தான் திட்டினார். பாதைக்கு ஏன் கல் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சிவப்பு எண்ணெய் கடைக்கு வரும்போது ஏன் மஞ்சளாகிறது?

பழத்தின் சிவப்பு கரோட்டின், கேரட்டில் இருப்பதேதான். சுத்திகரிக்கும்போது களிமண் தூளில் வடிகட்டி, 240 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாசனையை எடுப்பார்கள். நிறமும் கரோட்டினும் அதில் போய்விடும். சிவப்பாகவே விற்கும் புட்டிகளும் உண்டு, விலை கூட. சாம்பாரில் ஊற்றினால் நிறம் ஏறும், வாசனைக்குப் பழக வேண்டும்.

குளிரில் எண்ணெய் உறைந்துபோனால் கெட்டுப்போனதா?

இல்லை. பாமாயிலைக் குளிரவைத்து, கட்டியாகும் ஸ்டியரினை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் ஓலின்தான் நம் சமையல் எண்ணெய். ரொம்பக் குளிர்ந்தால் அதுவும் வெள்ளையாகக் கலங்கும். அடுப்புப் பக்கம் வையுங்கள், தெளிந்துவிடும்.

உடம்புக்குக் கெடுதலா?

என் தொழில் எனக்குச் சோறு போட்டது, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இது செடியிலிருந்து வருவதால் கொலஸ்ட்ரால் இல்லை. புட்டியில் அதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும்தான் கொலஸ்ட்ரால் இல்லை, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களோடு ஒப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லை இது ஏற்றும். நெய்யையும் பழைய வனஸ்பதியையும்விட மேல். நாளுக்கு நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் நிறைகொழுப்பு பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய நாசி லெமாக்கும் மாலையில் வடையும் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பத்து மதியத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

அதிகச் சூட்டில் சுத்திகரிக்கும்போது கிளைசிடில் எஸ்டர் என்ற வேண்டாத பொருள் உண்டாவது இன்னொரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதற்கு உச்சவரம்பு வைத்தது. அதன் பிறகு சுத்திகரிப்பு ஆலைகளும் முறையை மாற்றிக்கொண்டன.

பொரிப்பதற்கு இது நல்ல எண்ணெய், சீக்கிரம் புகையாது. அதற்காக ஒரே எண்ணெயில் மூன்று நாள் பொரிக்காதீர்கள். மூன்றாவது வீட்டு அக்கா, நான் உங்களைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் வேறு எதில் எல்லாம் இருக்கிறது?

லேபிளில் 'மிஞாக் சாவிட்' என்றோ 'ஓலின் சாவிட்' என்றோ இருந்தால் சதை எண்ணெய். 'இசிருங் சாவிட்' என்றால் பருப்பெண்ணெய். 'லெலெமாக் சாயுரான்' என்று பொதுவாகத் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால், இந்த ஊரில் பெரும்பாலும் செம்பனைதான். மீ (நூடுல்ஸ்) பாக்கெட், பிஸ்கட், மார்ஜரின், ஐஸ்கிரீம், சாக்லேட் பூச்சு, சோப்பு, பற்பசை, மெழுகுவத்தி. டீசலிலும் இருக்கிறது: நம் பெட்ரோல் நிலையங்களில் 2019 முதல் பி10, அதாவது பத்தில் ஒரு பங்கு செம்பனை டீசல். இரண்டரை வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயும் இதே ஓலின்தான். அரசு மானியம் தருவதால்தான் அந்த விலை, தரம் மட்டம் என்பதால் அல்ல.

தோட்டத்தில் ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்களாமே?

ஆமாம், மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றி வைப்பார்கள். எலிக்கு இந்தப் பழம் என்றால் உயிர், கூகைக்கு எலி என்றால் உயிர். மருந்து வைப்பதைவிட மலிவு. லயத்துப் பாட்டிகளுக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. கூகை கத்தினால் வீட்டில் சாவு என்பார்கள். துரை அதற்கு வீடு கட்டிக் கொடுத்து அழைத்து வருகிறாரே என்று ரொம்ப நாள் புலம்பினார்கள்.

காட்டை அழித்துத்தானே இதெல்லாம்?

பாதி பதில்: ஆமாம். தீபகற்பத்தில் நிறைய நிலம் ரப்பரிலிருந்து மாறியது, ஆனால் காடும் வெட்டினார்கள். போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக்கில் இன்னும் அதிகம். ஓராங் ஊத்தானின் இடமும் கரிநிலச் சதுப்பும் அதில் போயின. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக்குத் தீ வைத்ததால் 1997லும் 2015லும் கோலாலம்பூர் புகையில் மூழ்கியது, நாம்தான் மூச்சுத் திணறினோம்.

மீதி பாதி: ஒரு ஹெக்டரில் செம்பனை சுமார் மூன்றரை டன் எண்ணெய் தருகிறது, சோயா அரை டன்கூடத் தேறாது. இதை விட்டுவிட்டு சோயாவுக்குப் போனால் ஏழு மடங்குக்கு மேல் நிலம் வேண்டும், அந்த நிலம் வேறொரு காட்டிலிருந்துதான் வரும். எனக்குத் தெரிந்தவரை, இருக்கிற நிலத்தில் பழைய மரத்தைச் சாய்த்து நல்ல கன்று வைப்பதுதான் வழி. பழத்தைச் சிந்தாமல் எடுத்தாலே எண்ணெய் கூடும். 2019இல் அரசு செம்பனை நிலத்துக்கு 65 லட்சம் ஹெக்டர் என்று எல்லை வைத்தது. சூழலைக் கெடுக்காமல் செம்பனை வளர்ப்பதற்கான மலேசியாவின் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். சான்றிதழ் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தணிக்கைக்கு ஆள் வருகிற வாரத்தில் தோட்டம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று பார்த்தவள் நான்.

இப்போது யார் வெட்டுகிறார்கள்? நம் ஆட்கள் எங்கே?

பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வருகிறார்கள். நம் தாத்தாக்களின் கதையை, ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி இல்லாமல், திரும்பப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

நம் ஆட்களை மரம் மட்டும் வெளியேற்றவில்லை. ரப்பருக்குத் தினமும் ஒரு கை வேண்டும், செம்பனைக்கு அவ்வளவு பேர் வேண்டாம். அப்புறம் தோட்டங்களே வீட்டுமனையும் நகரமும் ஆயின. புத்ராஜெயா முன்பு பிராங் பெசார் தோட்டம், அங்கிருந்த குடும்பங்களை டிங்கில் பக்கம் அனுப்பினார்கள். பலர் கோலாலம்பூரின் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்து, பிறகு அடுக்குமாடிகளுக்கு ஏறினார்கள். எங்கள் மாடியில் பதினாறு வீடு, அதில் ஒன்பது வீட்டாருக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு தோட்டத்தின் பெயர்தான் வரும்.

குருத்தைச் சாப்பிடலாமா?

தாராளமாக. ஆனால் குருத்தை எடுத்தால் மரம் செத்துவிடும். அதனால் இருபத்தைந்து வயதான மரங்களை மறுநடவுக்குச் சாய்க்கும்போதுதான் கிடைக்கும். வெள்ளையாக இருக்கும் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள், நார் தட்டுப்பட்டால் நிறுத்திவிடுங்கள். மெல்லிசாக நறுக்கி உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். அம்மா அதில் நெத்திலிக் கருவாடும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டுவார். வெறுங்குலைக் குவியலில் மழைக்குப் பின் முளைக்கும் காளானும் கிடைத்தால் அதையும் சேர்ப்பார். ஆனால் காளானை அடையாளம் தெரிந்தவர் பறித்தால் மட்டும்.

தாளிப்பதற்கு எங்கள் வீட்டில் எப்போதும் நல்லெண்ணெய்தான். பாமாயிலை அம்மா உள்ளேயே விடமாட்டார். அதைத்தான் நாள் பூராவும் பார்க்கிறேனே என்பார்.